மெர்சி டீச்சர் மேல் நாங்கள் கொடுத்த மனு

மெர்சி டீச்சரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அன்பே உருவானவர், பொறுமையே வடிவானவர் என்று ஆரம்பிப்பது வழக்கம். அந்த வேலைக்கு நீங்கள் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும். என் பெயர் தளவாய். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு கம்பெனியில் வெல்டிங் லைனில் நிற்கிறேன். சொந்த ஊர் நாங்குநேரிக்குத் தெற்கே. என் மகள் சுகப்பிரியா போன வருஷம் மெர்சி டீச்சரிடம் மூன்றாம் வகுப்பு படித்தாள். அந்த ஒரு வருஷத்தில் அந்த அம்மாளோடு நான் போட்ட சண்டையை, என் மனைவி கனகத்தோடு பத்து வருஷத்தில் போட்டதில்லை.

பள்ளிக்கூடம் எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி. அவ்வளவு தெரிந்தால் போதும். டீச்சர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். சுகப்பிரியா நான்காம் வகுப்புக்குப் போய்விட்டதால் இப்போது என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நானும்தான்.

அவர் பிறந்தது சேரப்பணஞ்சேரி. வாழ்க்கைப்பட்டது குன்றத்தூர். கணவர் ஜெபகுமார் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் தினமும் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிறார். வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். சேர்ந்த புதிதில் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஊர்ப் பிள்ளைகள். நாலு மணிக்கு மணி அடித்தால் அம்மாக்கள் கேட்டில் நிற்பார்கள். ஒருத்தியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் சாப்பாட்டு நேரத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். அதற்குப் பிறகு கம்பெனிகள் வந்தன. வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்திலெல்லாம் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் என்று எங்களைப் போன்றவர்கள் வந்து நிரம்பினோம். பள்ளியில் பிள்ளைகள் மூன்று மடங்கானார்கள். பெற்றோர்கள்தான் காணாமல் போனார்கள். பகலில் எங்கள் ரூம்களைப் பார்த்தால் ஒன்று பூட்டியிருக்கும், இல்லையென்றால் உள்ளே யாராவது நைட் ஷிஃப்ட் முடிந்து பிணம் மாதிரி தூங்குவார்கள்.

டீச்சர் நோட்டீஸ் பலகையில் ஒட்டிப் பார்த்திருக்கிறார். ஒட்டியதை ஆடு தின்றதாம். எங்கள் அடுத்த ரூம் கோவிந்தம்மா சத்தியம் செய்து சொல்வாள். அவள் உள்ளூர்க்காரி, கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை, அவள் மகளும் சுகப்பிரியாவின் வகுப்புதான். வேறு டீச்சராக இருந்தால் ஒட்டியாயிற்று, பார்க்காதது அவர்கள் பாடு என்று விட்டிருப்பார். இந்த அம்மாளுக்கு அது முடியாது. எந்தக் கம்பெனி பஸ் என்ன நிறம், எந்த ஷிஃப்ட் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று அத்தனையையும் மனப்பாடம் செய்துகொண்டார். ராத்திரி சி ஷிஃப்ட் முடிந்து இறங்குகிறவர்களைக் காலை ஆறே முக்காலுக்குப் பிடிப்பார். பி ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்களை மதியம் ஒன்று பத்துக்கு, பள்ளியில் பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில், ஸ்கூட்டியில் வந்து பிடிப்பார். தோளில் ஒரு கட்டைப்பை நிறைய பிள்ளைகளின் டைரிகள் இருக்கும். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றமாட்டார். தூரத்தில் அந்தச் சிவப்பு ஹெல்மெட்டைப் பார்த்ததும் டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கியவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் முதல் சந்திப்பு அந்த பஸ் ஸ்டாப்பில்தான் நடந்தது. ஜூலை மாதம். என் லைனில் வேலை பார்க்கும் பேச்சிராஜும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் பி ஷிஃப்ட் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம்.

"சுகப்பிரியா அப்பா யாரு இதுல?"

நான் கையைத் தூக்கினேன். ஏதோ பரிசு கொடுக்கப் போகிறார் என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே தூக்கித் தொலைத்தேன்.

"சார், உங்க பொண்ணுக்குப் படிக்கவே வரல. எழுத்து தெரியுது, கூட்டத் தெரியல. மூணாங்கிளாஸ் வந்தாச்சு. வூட்ல யாராவது பக்கத்துல உக்காந்து பாக்குறீங்களா, இல்லையா?"

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மானம் தார் ரோட்டில் கிடந்தது.

"டீச்சர், இதக் கொஞ்சம் தனியா சொல்லப்பிடாதா?"

"தனியா எங்க சார் கெடைக்கிறீங்க? மூணு வாட்டி ஸ்கூலுக்கு வரச் சொல்லி எழுதி அனுப்பினேன். நேர்லயும் வந்து பாத்தேன். வூடு பூட்டிக்கினு கீது."

பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தும் காது சுட்டது. அவர் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

சுகப்பிரியாவுக்கு அது மூன்றாவது பள்ளிக்கூடம். முதலில் ஸ்ரீபெரும்புதூரில் இருந்தோம், பிறகு மண்ணூர், பிறகு இங்கே. எனக்கு காண்ட்ராக்ட் மாறும்போதெல்லாம் ரூம் மாறும், ரூம் மாறினால் பள்ளி மாறும். அவள் போய்ச் சேரும்போது அங்கே பாடம் அவளைத் தாண்டிப் போயிருக்கும். க, ட, ல் என்று ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்வாள். சேர்த்துச் சொல் என்றால் என் முகத்தைப் பார்ப்பாள். நான் இரண்டு முறை புத்தகத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் கத்தினேன். இரண்டாவது முறை அவள் பயந்து பாவாடையிலேயே மூத்திரம் போய்விட்டாள். கனகம் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால் எனக்குப் பயம் இருந்தது. எங்கள் லைனில் ஒவ்வொரு மிஷின் மேலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும், எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று. அதை வாசிக்கத் தெரியாமல் வந்து நிற்கிற பையன்களை சூப்பர்வைசர் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். என் மகளை யாரும் அப்படிப் பேசக்கூடாது. அவள் வாசிக்க வேண்டும். அந்த வருஷம் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதை வாய்விட்டு டீச்சரிடம் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

வாட்ஸப்பில் '3-ஏ பெற்றோர்' என்று ஒரு குரூப் வைத்திருந்தார். தினமும் நாலரை மணிக்கு மெசேஜ் வரும். இன்று தமிழில் என்ன நடந்தது, கணக்கில் என்ன நடந்தது, வீட்டில் பிள்ளையிடம் என்ன கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி, காய்கறி வேஷம், கடையில் உடை வாங்க வேண்டாம், அம்மாவின் பழைய சேலை போதும். இவ்வளவும் எழுதிய பிறகு கீழே ஒருவர் ரோஜாப்பூ போட்டு குட் ஈவினிங் சொல்வார். இன்னொருவர் மாறுவேடம் என்றைக்கு என்று கேட்பார். டீச்சர் மறுபடியும் முதலிலிருந்து, இந்த முறை தன் குரலிலேயே, சொல்லி அனுப்புவார்.

ஒருநாள் கோவிந்தம்மாவும் குரலில் பதில் போட்டாள். "இன்னா டீச்சர் நீங்க, பொழுதன்னிக்கும் மெசேஜ் போட்டுக்கினே கீறீங்க. எங்களுக்கு வேற வேலயே இல்லன்னு நெனச்சிக்கினீங்களா?"

"உங்களுக்கு வேல கீதுன்னுதான் கோவிந்தம்மா போடுறேன். இல்லாட்டி நீங்களே வந்து கேட்டுக்கினு போயிருப்பீங்களே."

குத்தாமல் அந்த அம்மாளுக்குப் பேசத் தெரியாது. நான் அன்றைக்கே குரூப்பைச் சத்தம் வராமல் அணைத்துப் போட்டேன்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார். டைரியில் பெற்றோர் கையெழுத்து செல்லாது. பிள்ளை தினமும் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், நாம் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும், கேட்ட பிறகு 'கேட்டேன்' என்று நம் கையால் எழுத வேண்டும். கையெழுத்து என்றால் நாங்கள் பார்க்காமலே போட்டுவிடுவோமாம். கம்பெனியில் மிஷின் செக் ஷீட்டை மாதக் கடைசியில் மொத்தமாக டிக் அடிக்கிறவன் நான். எனக்கு இது ஒரு பெரிய விஷயமா? ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து ஆறு நாளுக்கும் சேர்த்து ஆறு 'கேட்டேன்' எழுதினேன். பேனா நிறம்கூட மாற்றி எழுதினேன்.

செப்டம்பரில் மாட்டிக்கொண்டேன். பஸ் ஸ்டாப்பில் டைரியையும் தமிழ்ப் புத்தகத்தையும் என் முன்னால் விரித்தார்.

"செவ்வாக்கெழம பக்கத்துக்குக் கேட்டேன்னு எழுதிக்கினுகீறீங்க. இந்தப் பக்கத்துல இன்னா சார் கேட்டீங்க?"

குனிந்து பார்த்தேன். பக்கம் முழுக்க ஒரு சந்தைப் படம். காய்கறிக் கூடை, தராசு, ஒரு நாய். ஓர் எழுத்துகூட இல்லை. எனக்காகவே அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்து வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறார்.

"நாய் கொலச்சது கேட்டிருக்கும் டீச்சர்" என்றான் பேச்சிராஜ். அவன் மகனும் அதே வகுப்புதான். அவன் டைரி மட்டும் யோக்கியமா என்ன. பஸ் ஸ்டாப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"பொய் எழுதுறதுன்னா எழுதாமலே வுட்டுடுங்க சார். அந்தப் புள்ள பாத்துக்கினுதான இருக்கும், நீங்க எழுதுறத."

அன்றிலிருந்து லைனில் என் பெயர் கேட்டேன். "எல கேட்டேன், அந்த ஸ்பேனர எடு" என்பான் பேச்சிராஜ். சூப்பர்வைசர் கண்ணப்பன்கூட, "என்ன கேட்டேன், சட்டத்த ஜிக்ல ஒழுங்கா மாட்டினியா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். நான் டைரியைத் தொடுவதையே விட்டேன். டீச்சர் அதில் எனக்கு என்னென்னவோ எழுதி அனுப்பினார். திறந்து பார்க்கவில்லை. சுகப்பிரியாவைத் தினமும் அரை மணி நேரம் முன்னதாகவே பள்ளிக்கு வரச் சொல்லித் தன் மேஜை பக்கத்தில் உட்காரவைக்கிறார் என்று கனகம் சொன்னாள். பிள்ளையையும் தண்டிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரிக் கடைசியில் அந்த நோட்டீஸ் வந்தது. நான்தான் குரூப்பைப் பார்ப்பதில்லை, ஆனால் பஸ் ஸ்டாப் டீக்கடைச் சுவரிலும் அதை ஒட்டியிருந்தார், ஜெபகுமார் கடை ஜெராக்ஸ். 'மூன்றாம் வகுப்பு வாசிப்பு நாள், புதன்கிழமை. பி: காலை 10.30. ஏ: மதியம் 2.30. பெற்றோர் அவசியம் வரவும். பிள்ளை உங்கள் எதிரே அமர்ந்து ஒரு பக்கம் வாசிக்கும்.'

முதல் முறையாக அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை வந்தது. பி ஷிஃப்ட்காரன் மதியம் வேலைக்குப் போகவேண்டியவன், அவனுக்குக் காலை. ஏ ஷிஃப்ட்காரன் இரண்டு மணிக்கு வெளியே வருகிறவன், அவனுக்கு மதியம். எங்கள் பொழைப்பை எவ்வளவு யோசித்து நேரம் குறித்திருக்கிறார் என்று பேச்சிராஜிடம் சொன்னேன். அவனும் ஆமாம் என்றான். எனக்கு அந்த வாரம் பி ஷிஃப்ட். கனகத்துக்கு லேடீஸ் ஹாஸ்டல் சமையல்கட்டில் நாலு மணி வரை வேலை, அவளால் வர முடியாது. நீ கவலைப்படாதே, எனக்குப் பத்தரை, நான் போய்க்கொள்கிறேன் என்றேன்.

புதன்கிழமை ஷேவ் செய்து, கல்யாணத்துக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வாசலில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். எல்லாரும் பி ஷிஃப்ட். உள்ளே ஹாலில் பெஞ்சுகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. ஒரு வரிசையில் பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சுகப்பிரியா இல்லை. எங்கள் ஒன்பது பேரின் பிள்ளைகளில் ஒன்றுகூட இல்லை.

மெர்சி டீச்சர் எங்களைப் பார்த்து வேகமாக வந்தார். "நீங்கள்லாம் இன்னா இப்ப வந்துக்கினுகீறீங்க? உங்களுக்கு ரெண்டரைதானே?"

"பி-க்கு பத்தரைன்னு நீங்கதான போட்டிருக்கீய?" என்றேன்.

"பி பிரிவுக்கு சார். மூணு பி. உங்க புள்ளைங்க மூணு ஏ."

எங்கள் யாருக்கும் அது உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. ஏ, பி, சி என்றால் எங்களுக்கு ஷிஃப்ட்தான். அந்த எழுத்துகளுக்கு இந்த உலகத்தில் வேறு வேலை உண்டு என்பதே எங்களுக்கு மறந்து போயிருந்தது. ஹாலுக்குள் எட்டிப் பார்த்தேன். மூன்று பி-யில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு எதிரே பெஞ்சு காலியாக இருந்தது. அவர்களைப் பெற்றவர்கள் ஏ ஷிஃப்ட்டில் இருந்திருப்பார்கள், ரெண்டரைக்கு வந்து நிற்பார்கள். அந்தப் பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ரெண்டு மணிக்கு எங்களுக்கு லைன் ஓடும் டீச்சர். ரெண்டரைக்கு நாங்க எப்படி வர? எங்க பிள்ளையள இப்ப கூப்பிடுங்க."

"இவங்க முடிக்கட்டும் சார். பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிடும். நில்லுங்க, உங்க புள்ளைங்கள அப்ப உக்கார வெக்கிறேன்."

நியாயமான பேச்சுதான். பஸ்ஸுக்கு ஒன்று பத்து வரை நேரம் இருந்தது. ஆனால் நான் கத்த ஆரம்பித்திருந்தேன்.

"உங்க தப்புக்கு நாங்க வெயில்ல நிக்கணுமோ? ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் குடுக்கீயளே, ஒரு நோட்டீஸ் ஒழுங்கா எழுதத் தெரியாதா?"

அவர் முகம் சிவந்தது. "தப்புதான். பிரிவுன்னு போட்டிருக்கணும், வுட்டுட்டேன். ஆனா சார், உங்க புள்ள எந்தப் பிரிவுல படிக்குதுன்னு ஏழெட்டு மாசமா உங்களுக்குத் தெரியலையா?"

அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் பன்னிரண்டு வரை நின்றிருப்பேன். பேச்சிராஜ் என் தோளைப் பிடித்து இழுத்தான். "வால போவோம். இவ்வளவு பேச்சுக்கு மேல இங்க நிக்கதுக்கு நமக்கு என்ன தலையெழுத்தா?" ஒன்பது பேரும் கேட்டைச் சாத்தாமல் வெளியே வந்தோம்.

நேராக என் ரூமுக்கு வந்தோம். சத்தம் கேட்டு கோவிந்தம்மாவும் வந்து சேர்ந்துகொண்டாள். மனு எழுதுவது என்று முடிவானது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னையே எழுதச் சொன்னார்கள். கையில் அகப்பட்ட சுகப்பிரியாவின் ரஃப் நோட்டில் கடைசிப் பக்கங்களில் எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்பு ஏ பிரிவு என்று அப்போது மட்டும் சரியாக எழுதினேன். பெற்றோரை அவமானப்படுத்துகிறார் என்று எழுதினேன். நோட்டீஸைத் தவறாகப் போட்டு அலைக்கழிக்கிறார் என்று எழுதினேன்.

"இது பத்தாதுல" என்றான் பேச்சிராஜ். "காரமா ஒரு வரி போடு. இல்லன்னா தூக்கிக் குப்பையில போட்டுருவாவ."

"ஆமாம்பா, நல்லா சுருக்குன்னு எழுது" என்றாள் கோவிந்தம்மா.

எழுதினேன். எழுதும்போதே அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். வெள்ளைத்தாளில் அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் மற்றவர்களிடமும் கேட்டுப் பதினாலு கையெழுத்து வாங்கினாள் கோவிந்தம்மா. மறுநாள் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தாயிற்று.

புதன்கிழமை நான் ஷிஃப்ட் முடிந்து வந்தபோது சுகப்பிரியா தூங்கியிருந்தாள். வியாழக்கிழமை காலையில், நேற்று வாசித்தாயா என்று கேட்டேன். கட்டிய ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டினாள். சாயங்காலம் போனில் கனகம்தான் விவரம் சொன்னாள். "அவ வாசிக்கலையாம். எங்க அப்பா வரட்டும்னு நாலு மணி வரைக்கும் பெஞ்சிலயே உக்காந்திருந்தாளாம். டீச்சர் எதுத்தாப்புல வந்து உக்காந்தும் வாயத் தொறக்கலையாம்."

 அதையும் சேர்த்து அந்த அம்மாள் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாப்பில் வழக்கம்போலச் சிவப்பு ஹெல்மெட். மனு விஷயம் தெரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. இன்றைக்கு வாய் கிழியப் போகிறது என்று நானும் தயாராக நின்றேன். நேராக என்னிடம்தான் வந்தார்.

"மனு குடுத்திருக்கீங்க. திங்கக்கெழம பதினோரு மணிக்கு விசாரிக்க வராங்க. கையெழுத்து போட்ட எல்லாரும் வரணும். அடுத்த வாரம் உங்களுக்கு சி ஷிஃப்ட், பகல்ல வூட்லதான் இருப்பீங்க. குரூப்புல போட்டுட்டேன். நீங்க பாக்க மாட்டீங்கன்னு நேர்ல சொல்றேன்."

"வருவோம்லா" என்றேன்.

"வாங்க. இந்த வாட்டி நேரத்த சரியா எழுதிக்கினீங்களா?"

தன் மேல் நடக்கப்போகும் விசாரணைக்குத் தானே தேதியும் நேரமும் சொல்லி, ஷிஃப்ட் பார்த்து, ஆள் சேர்த்த ஒரு மனுஷியை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை. திமிரைப் பார் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் பேச்சிராஜும் அதையே சொன்னான். திங்கட்கிழமை அதிகாரியிடம் யார் முதலில் பேசுவது, என்னென்ன சொல்வது என்று ஒரகடம் வரை பேசிக்கொண்டே போனோம்.

திங்கட்கிழமை காலை ஏழரை இருக்கும். கனகம் விடியும் முன்பே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நான் பாயில் கண்ணை மூடிக் கிடந்தேன். பாதித் தூக்கம். வாசல்படிப் பக்கமிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. முதலில் அடுத்த ரூமில் கோவிந்தம்மாவின் மகள் படிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது என் மகளின் குரல்.

அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்து எழுத்தாக இல்லை. சொல் சொல்லாக, ஒன்றின் பின் ஒன்றாக. நடுவில் ஒரு நீளமான சொல் வந்தால் நின்று, அதை இரண்டாக உடைத்துச் சொல்லிப் பார்த்து, மறுபடி சேர்த்துச் சொல்லிவிட்டு மேலே போனாள். யார் சொல்லித் தரவும் காத்திருக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது, இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாளோ என்று மூச்சைக்கூட மெல்ல விட்டேன். என்ன வாசிக்கிறாள் என்று நான் கவனிக்கவே இல்லை. அந்த ஓட்டத்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கனகம் இந்த நேரத்தில் வீட்டில் இல்லையே என்று இருந்தது.

"பெற்றோரைப் பொது இடத்தில் அவமான... அவமானப்... படுத்துகிறார்."

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது.

"நோட்டீஸைத் தவறாகப் போட்டு எங்களை அலைக்கழிக்கிறார்."

தூக்கம் போய்விட்டது. ரஃப் நோட்டில் இருந்த பக்கத்தை நான் கிழிக்கவே இல்லை. எழுந்து பிடுங்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் புத்தகத்தோடு உட்கார்ந்து நான் கத்திய அந்த நாள் என் கண் முன்னால் நின்றது, கை வரவில்லை.

"ஆசிரியை மெர்சி எங்கள் பிள்ளைகளுக்கு எதுவும் கற்றுத் தருவதில்லை."

அந்த வரியை அவள் ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தாள். 'கற்று' என்பதைக்கூட எங்கள் ஊர்ப் பேச்சில் 'கத்து' என்று சொல்லாமல், எழுதியிருந்தபடியே சொன்னாள்.

 பக்கத்தைத் திருப்புகிற ஓசை கேட்டது. அடுத்த பக்கத்தில் பெயர்கள். முதல் பெயரை நான்தான் எழுதியிருந்தேன், மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று பெரிய எழுத்தில்.

"இப்படிக்கு. ஒன்று, தளவாய்."

கண்ணைத் திறந்தேன். அவள் நோட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, அந்தப் பெயரை மட்டும் இன்னொரு முறை, இன்னும் சத்தமாக வாசித்தாள்.